கந்தலுக்கும் கயிற்றுக்கும் போட்ட வரி

உலகத்துச் சுங்க அலுவலகங்கள் இன்று ஏறத்தாழ ஒரே பட்டியலை வைத்துத்தான் சரக்கைத் தரம் பிரிக்கின்றன. அந்தப் பட்டியலில் 6310 என்று ஓர் எண். கந்தல் துணி, அறுந்த கயிறு, நைந்துபோன வடம் எல்லாம் அதற்குள் அடக்கம். துணியும் கயிறும் ஏன் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன? இரண்டும் நாரும் நூலும்தானே என்பது ஒரு பதில். இருநூறு ஆண்டுக்கு முந்தைய காகித ஆலைக்காரர் ஒருவரைக் கேட்டிருந்தால் வேறொரு பதில் சொல்லியிருப்பார். இரண்டையும் தொட்டியில் ஊறப் போட்டு இடித்தால் காகிதம். கந்தல் வெள்ளைத்தாள் ஆகும், கப்பல் கயிறு கனத்த பழுப்புத்தாள் ஆகும்.

மரக்கூழ் வருவதற்கு முன் ஐரோப்பாவில் ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் காகிதம் என்றால் பழந்துணிதான். 13ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ஃபாப்ரியானோ ஊர்க்காரர்கள் நீராலை உலக்கைகளை வைத்து லினன் கந்தலை இடித்துக் கூழாக்கினார்கள். தோலிலிருந்து எடுத்த பசையைத் தாளின் மேல் ஏற்றினார்கள். நீர்க்குறியும் அங்கே பிறந்ததுதான். சலிப்பெட்டியில் அள்ளிய ஈரத்தாளை ஒவ்வொன்றாகக் கவிழ்க்கும்போது, தாளுக்கும் தாளுக்கும் நடுவே ஒரு கம்பளித் துண்டு வைப்பார்கள். அப்புறம் மொத்த அடுக்கையும் அழுத்தியில் கொடுத்து நீரைப் பிழிவார்கள். கீழே கந்தல், நடுவே கம்பளி என்று காகிதம் பிறப்பிலேயே துணிக்குக் கடன்பட்ட பொருள்.

இந்த வேலையின் பெரும் பாரம் பெண்கள் தலையில் இருந்தது. மேசையில் செங்குத்தாக நிறுத்திய அரிவாள் போன்ற கத்தி ஒன்றின் முன் அவர்கள் நிற்பார்கள். பித்தானை அறுத்து, தையலைப் பிரித்து, வெள்ளை வேறு நிறம் வேறு, நயம் வேறு முரடு வேறு என்று கூடை கூடையாகப் பிரிப்பார்கள். யார் உடுத்தியது, எந்த நோயாளியின் படுக்கை விரிப்பு என்று தெரியாத துணி. 19ஆம் நூற்றாண்டில் பெரியம்மை காகித ஆலைகளுக்குள் கந்தல் வழியாகவே நுழைந்த ஊர்கள் உண்டு. காகிதத்தின் வரலாற்றில் அச்சகத்தாருக்கும் பதிப்பாளருக்கும் சிலை இருக்கிறது. இந்தப் பெண்களின் பெயர்கூடப் பெரும்பாலும் வெளியே தெரியாது.

சாதாரணமாக ஒரு நாடு வெளியிலிருந்து வரும் சரக்கைத்தான் வரி போட்டுத் தடுக்கும். கந்தல் விஷயத்தில் கதை தலைகீழ். தன் ஊர்க் குப்பை வெளியே போய்விடாமல் அரசுகள் காவல் நின்றன. 1366இலேயே வெனிஸ் நகரத்துச் செனட் ட்ரெவிசோவில் இருந்த காகித ஆலைகளுக்காகக் கந்தலை வேறெங்கும் அனுப்பக் கூடாது என்று உத்தரவு போட்டது. பின்னாளில் பிரான்ஸ் அதே வழியில் போனது. ஜெர்மானிய நாடுகள் ஏற்றுமதியின் மீது கனமான தீர்வை வைத்தன. காரணம் எளிது. ஆலையைப் பெரிதாக்கலாம், உலக்கையைக் கூட்டலாம், ஆனால் மக்கள் கிழித்துப் போடும் வேட்டியின் அளவைக் கூட்ட முடியாது. புத்தகம் படிக்கிறவர் எண்ணிக்கை பெருகிய வேகத்தில் சட்டை கிழியவில்லை.

இங்கிலாந்தில் செத்தவர் உடலைக்கூடச் சட்டம் விட்டுவைக்கவில்லை. பிணத்தைக் கம்பளித் துணியில் சுற்றித்தான் புதைக்க வேண்டும் என்று 1666இல் ஒரு சட்டம் வந்தது, 1678இல் அது இறுக்கப்பட்டது. மீறினால் 5 பவுண்டு அபராதம். வெளிநாட்டு லினனுக்குப் பணம் போகாமல் உள்நாட்டுக் கம்பளியை வாழவைப்பதுதான் நோக்கம். மண்ணுக்குள் போகாமல் தப்பிய லினன் துணி ஒருநாள் கந்தலாகி ஆலைத் தொட்டிக்கு வரும் என்பது காகிதக்காரர்களுக்குக் கிடைத்த கொசுறு. 1814 வரை அந்தச் சட்டம் ஏட்டில் இருந்தது.

அமெரிக்காவிலும் இதே பஞ்சம்தான். விடுதலைப் போர் தொடங்கிய காலத்தில் மாசசூசெட்ஸ் அவை ஊருக்கு ஊர் கந்தல் சேகரிக்க ஆள் நியமித்தது. 1801இல் டால்டன் ஊரில் ஆலை தொடங்கிய ஜீனஸ் கிரேன், உள்நாட்டுத் தொழில் வளர வேண்டுமானால் வீட்டுப் பெண்கள் கந்தலைப் பத்திரப்படுத்தித் தரவேண்டும் என்று செய்தித்தாளில் விளம்பரமே கொடுத்தார். உள்ளூர்க் கந்தல் போதாமல் பிறகு கப்பல் கப்பலாக இறக்கினார்கள். 1857 என்ற ஓர் ஆண்டில் அங்கே வந்து இறங்கியது 4 கோடி பவுண்டு எடைக்கும் மேல். பெரும்பகுதி இத்தாலியக் கந்தல்.

வரியின் முழு வேகத்தையும் பார்க்க வேண்டுமானால் பிரிட்டனுக்குத்தான் திரும்ப வேண்டும். ஆன் அரசியின் ஆட்சியில், 1712இல், காகிதத்தின் மீது கலால் வரி வந்தது. செய்தித்தாளுக்கு முத்திரை வரி, விளம்பரத்துக்குத் தனி வரி, சுவரில் ஒட்டும் சித்திரத்தாளுக்குச் சதுர கஜத்துக்கு ஒரு பென்னி என்று எல்லாம் ஒரே கட்டாக வந்தவை. போருக்குப் பணம் வேண்டியிருந்தது. கூடவே, வாயாடிப் பத்திரிகைகளை அடக்குவதும் வசதியாக இருந்தது. மக்கள் வெள்ளைத்தாளை வாங்கிச் சுவரில் ஒட்டியபின் அதன்மேல் அச்சுத்தகடு வைத்துப் பூப்போட்டுச் சித்திரத்தாள் வரியை ஏய்த்தார்கள். சீட்டுக்கட்டு அட்டைக்கும் வரி இருந்தது. வரி கட்டியதற்கு அடையாளமாக ஸ்பேட் ஆஸைத் தானே அச்சடித்துத் தந்தது அரசு. அந்த ஓர் அட்டையைக் கள்ளத்தனமாக அச்சடித்த குற்றத்துக்காக ரிச்சர்ட் ஹார்டிங் என்பவரை 1805இல் தூக்கிலிட்டார்கள். ஓர் அட்டைத் துண்டுக்காக ஓர் உயிர்.

முதலில் தாளின் வகையையும் அளவையும் பார்த்து வசூலித்த வரி, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் எடைக்கு மாறியது. ஆலைக்குள்ளேயே கலால் அதிகாரி நடமாடினார். ஒவ்வொரு ரீமும் கட்டப்பட்டு, நிறுக்கப்பட்டு, சீட்டு ஒட்டி முத்திரை குத்தப்பட்ட பிறகே வெளியே போகும். ஒவ்வொரு ஆலைக்கும் ஓர் எண். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதல்தரத் தாளுக்குப் பவுண்டுக்கு 3 பென்ஸ், இரண்டாந்தரத்துக்கு அதில் பாதி.

அந்த இரண்டாந்தரம் எது என்பதில்தான் சட்டம் தன் குணத்தைக் காட்டியது. பழைய கப்பல் கயிற்றிலிருந்து மட்டுமே செய்த பழுப்புத்தாள் இரண்டாந்தரம். வேறெதையும் கலக்கக் கூடாது. கயிற்றில் ஊறியிருக்கும் தாரைப் பிரித்தெடுக்கவும் கூடாது. தாரை நீக்கிச் சற்றே நல்ல தாள் செய்தால், அது முதல்தரம், இரட்டை வரி. ஆக, சர்க்கரையும் ஆணியும் கட்டிக்கொடுக்கும் முரட்டுத்தாள் தார்நாற்றத்தோடேயே இருக்கும்படி சட்டமே பார்த்துக்கொண்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு தொழில் முன்னேறாமல் இருப்பதற்குச் சலுகை கொடுத்த வரி இது. கயிற்றை வேக வைத்து வெளுக்கும் முறைகள் ஏற்கெனவே வந்துவிட்டன. 1774இல் ஷீலே குளோரினைக் கண்டறிந்தார், 1799இல் டென்னன்ட் வெளுப்புத்தூளுக்குக் காப்புரிமை பெற்றார். அறிவியல் தயாராக இருந்தது. வரிப்புத்தகம் கதவை அடைத்து நின்றது.

1836இல் தரப்பிரிவை ஒழித்து எல்லாத் தாளுக்கும் ஒரே வரி, பவுண்டுக்கு ஒன்றரைப் பென்ஸ் என்று ஆக்கினார்கள். சித்திரத்தாள் வரியும் அப்போது போயிற்று. பார்வைக்கு நியாயமாகத்தான் தெரிந்தது. ஆனால் எடைக்குப் போடும் வரி எப்போதும் கனத்த, முரட்டு, மலிவான சரக்கின் தலையில்தான் விழும். சீமான் கடிதம் எழுதும் மெல்லிய, விலையுயர்ந்த தாளும், மளிகைக்கடைக்காரர் கட்டிக்கொடுக்கும் தடித்தாளும் பவுண்டுக்கு ஒரே தொகை. முன்னதன் விலையில் அது சொற்பம். பின்னதன் விலையில் பெரும்பங்கு. நெசவாளியும் இதில் மாட்டினார். ஜக்கார்டு தறியில் பூவேலைக்குத் துளையிட்டுக் கோத்துப் போடும் அட்டைகள் கனத்த அட்டைதானே; அவையும் வரி கட்டிய அட்டைகள். ஒரு கொடி, ஒரு பூங்கொத்து நெய்வதற்கே நூற்றுக்கணக்கில் அட்டை வேண்டும். காஞ்சிபுரத்தில் அடை கட்டி நெய்த காலம் போய் ஜக்கார்டுப் பெட்டி வந்தபின், அட்டைக் கோவையின் கனத்தைத் தோளில் சுமந்து பார்த்த குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும். புது வடிவம் ஒன்றைத் தறியில் சோதித்துப் பார்ப்பதற்கே வரி கட்ட வேண்டியிருந்தது.

ஏழைகளுக்கான புத்தகமும் அப்படித்தான். மலிவு விலையில் கலைக்களஞ்சியம் வெளியிட்ட சார்லஸ் நைட், அந்த ஒரு நூல் வரிசைக்காக மட்டும் தாள்வரியாக 16,500 பவுண்டு கட்டியதாகக் கணக்குக் காட்டினார். பென்னிக்கு அறிவை விற்க வந்தவரிடம் அரசு வசூலித்த தொகை அது. பத்திரிகை, விளம்பரம், காகிதம் ஆகிய மூன்று வரிகளையும் அறிவின் மீதான வரிகள் என்று பெயரிட்டு மக்கள் கிளர்ச்சி செய்தார்கள். விளம்பர வரி 1853இல் போனது, செய்தித்தாள் முத்திரை 1855இல். கடைசியாக நின்றது காகித வரி. ஆண்டுக்குப் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் வருமானம் தந்த பசுவை விட யாருக்கு மனம் வரும்?

1860 ஜனவரி 23ஆம் தேதி பிரிட்டனும் பிரான்சும் ஒரு வணிக உடன்படிக்கை செய்துகொண்டன. ரிச்சர்ட் கோப்டனும் மிஷெல் ஷெவாலியேயும் பேசி முடித்தது. மறுமாதமே நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் தன் நிதிநிலை அறிக்கையில் காகித வரியை எடுத்துவிடப் போவதாக அறிவித்தார். மக்களவையில் மூன்றாம் வாசிப்பில் 219க்கு 210, வெறும் 9 வாக்கில் தப்பிப் பிழைத்தது மசோதா. மே 21ஆம் தேதி பிரபுக்கள் அவை 193க்கு 104 என்று அதைத் தூக்கி எறிந்தது. பண மசோதாவில் பிரபுக்கள் கைவைக்கலாமா என்ற பெரும் சண்டை அங்கிருந்து கிளம்பியது. அடுத்த ஆண்டு கிளாட்ஸ்டன் எல்லா வரித் திட்டங்களையும் ஒரே மசோதாவாகக் கட்டி அனுப்பினார். முழுவதையும் ஏற்க வேண்டும், அல்லது முழுவதையும் தள்ள வேண்டும். ஏற்றார்கள். 1861 அக்டோபர் 1 முதல் காகித வரி இல்லை. அந்த ஆண்டே 'டைம்ஸ்' தன் விலையை 4 பென்ஸிலிருந்து 3 பென்ஸாகக் குறைத்தது.

பாராளுமன்ற வரலாறுகள் இந்த வெற்றியோடு நிறுத்திக்கொள்கின்றன. ஆலைக்காரர்களின் பக்கம் இன்னொரு கதை இருக்கிறது. உடன்படிக்கைப்படி பிரெஞ்சுத் தாள் பிரிட்டனுக்குள் காப்பு வரி இல்லாமல் நுழையலாம். ஆனால் பிரெஞ்சுக் கந்தல் பிரான்சை விட்டு வெளியே வரக் கூடாது! சரக்குக்குக் கதவு திறந்தாயிற்று, மூலப்பொருளுக்குக் கதவு சாத்தியே இருந்தது. லங்காஷயரில் பரி ஊருக்கருகே பிரிட்ஜ் ஹால் ஆலையை நடத்திய தாமஸ் ரிக்லி தலைமையில் காகித உற்பத்தியாளர்கள் கொதித்தெழுந்தார்கள். நாங்கள் போட்டிக்குப் பயப்படவில்லை, கந்தலையும் திறந்துவிடச் சொல்லுங்கள் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருந்தது. ஆனாலும் 1860 ஆகஸ்டில் இது மக்களவையில் வாக்கெடுப்புக்கு வந்தபோது அரசு 33 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தது. கந்தல் ஏற்றுமதியை ஆராய மறுவருடம் தனியாகப் பாராளுமன்றக் குழுவே அமைக்க வேண்டியிருந்தது. பிரான்ஸ் பிறகு தடையை நீக்கினாலும் அதன் இடத்தில் கனமான ஏற்றுமதித் தீர்வையை உட்கார வைத்தது. தடையற்ற வாணிபத்தின் பொற்காலம் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் ஆண்டுகளிலேயே, ஐரோப்பா தன் கிழிந்த சட்டைகளை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது.

சிக்கலைத் தீர்த்தது உடன்படிக்கை அல்ல, ஒரு புல். கந்தலுக்கு மாற்று கண்டுபிடித்தால் 1,000 பவுண்டு பரிசு என்று 'டைம்ஸ்' 1854இல் அறிவித்திருந்தது. அதற்கு அரை நூற்றாண்டு முன்பே மத்தியாஸ் கூப்ஸ் வைக்கோலில் தாள் செய்து, அதிலேயே புத்தகமும் அச்சிட்டு, ஆலை கட்டி, கடனில் மூழ்கிப் போயிருந்தார். ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் ஐன்ஷம் ஆலையில் தாமஸ் ரவுட்லெஜ் 1850களின் பிற்பகுதியில் ஸ்பெயினில் விளையும் எஸ்பார்டோ புல்லை வெற்றிகரமாகக் கூழாக்கினார். நிலக்கரி ஏற்றிச் சென்ற கப்பல்கள் திரும்பும்போது எஸ்பார்டோவைச் சுமந்து வந்தன. வட ஆப்பிரிக்கப் புல்லும் பின்னால் வந்தது. அதற்குப் பிறகு ஸ்காண்டிநேவிய மரக்கூழ் பெருக்கெடுத்தது. கந்தலின் ஆட்சி முடிந்தது.

ரவுட்லெஜ் புல்லோடு நிற்கவில்லை. 1875இல் அவர் மூங்கிலைக் காகிதத்துக்கு ஏற்ற பொருள் என்று ஒரு சிறுநூலே எழுதினார். அந்த யோசனை பலிக்க வேண்டிய இடம் இந்தியா. பலிக்க ஐம்பது ஆண்டு பிடித்தது.

அந்த ஐம்பது ஆண்டில் இந்தியத் துணிக்கு நடந்ததையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அங்கும் அடி விழுந்தது முரட்டுச் சரக்கின் மீதுதான். 1894இல் ரூபாய் மதிப்புச் சரிந்து அரசுக்குப் பணமுடை வந்தபோது, இறக்குமதித் துணிக்கு 5 சதவீத வரி போட்டார்கள். இங்கே துணி அனுப்பிக்கொண்டிருந்த லங்காஷயர் ஆலைகள் முகம் கோணின. உடனே இந்திய மில்களின் 20ஆம் நம்பருக்கு மேற்பட்ட நூலுக்கும் (நம்பர் கூடக் கூட நூல் மெல்லியது) அதே அளவு கலால் வரி. அதுவும் போதவில்லை. 1896இல் நூலை விட்டுவிட்டு, இறக்குமதித் துணிக்கு மூன்றரை, இந்திய மில் துணி அத்தனைக்கும் மூன்றரை என்று சமன் செய்தார்கள். இந்திய மில்கள் அதிகமும் நெய்தது தடித்த துணி. லங்காஷயர் அனுப்பியது அதிகமும் மெல்லிய துணி. போட்டியே இல்லாத முரட்டுத் துணிக்கும், அதை உடுத்திய உழவருக்கும் கூலிக்காரருக்கும், மான்செஸ்டரின் மனச்சமாதானத்துக்காக வரி விழுந்தது. கைத்தறி மட்டும் தப்பியது. சென்னை பெரம்பூரில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைகள் ராணுவத்துக்குக் காக்கி ட்ரில் நெய்தன. கோடுகோடாய்த் தடித்த அந்தத் துணியும் அந்தக் கலாலின் கீழ்தான் வெளியே வந்தது. முப்பது ஆண்டுகள் இந்தியத் தேசியத் தலைவர்களின் முதன்மைக் குறைகளில் ஒன்றாக இது இருந்தது. 1925 டிசம்பரில் வரியை நிறுத்திவைத்து, 1926இல் ஒழித்தார்கள்.

அதே 1925இல்தான் இந்தியக் காகிதத்துக்கு முதல் காப்பு கிடைத்தது. டிட்டாகர், ராணிகஞ்ச் ஆலைகள் அதுவரை சபாய் புல்லை நம்பியிருந்தன. மூங்கிலைக் கூழாக்கும் முறையை டேராடூன் வனஆராய்ச்சி நிலையத்தில் வில்லியம் ரெயிட் பல ஆண்டு உழைத்துச் செம்மைப்படுத்தியிருந்தார். ராஜமுந்திரியில் கர்னாடிக் பேப்பர் மில்ஸ் என்ற ஆலை மூங்கிலை நம்பிக் களத்தில் இறங்கியிருந்தது. அந்த ஊர் அப்போது சென்னை மாகாணத்தில். சுங்கவரி வாரியம் விசாரித்தது. மூங்கில் காகிதத் தொழில் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இறக்குமதியாகும் எழுதும் தாளுக்கும் அச்சுத்தாளுக்கும் பவுண்டுக்கு ஓர் அணா. மறுபடியும் எடைக்கே வரி! ஆனால் இந்த முறை சட்டம் எழுதியவர்கள் ஒன்றை யோசித்திருந்தார்கள். இயந்திரத்தால் அரைத்த மரக்கூழ் 65 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும் செய்தித்தாள் காகிதத்துக்கு அந்த அணா கிடையாது. அறிவின் மீதான வரி என்ற பழைய கூச்சல் காதில் விழுந்திருக்க வேண்டும். 1932இல் காப்பை நீட்டித்தபோது, இறக்குமதிக் கூழுக்கும் டன்னுக்கு 45 ரூபாய் வரி சேர்த்தார்கள். ஆலைகள் வெளிநாட்டுக் கூழை வாங்கித் தாள் ஆக்கிவிட்டுக் காப்பை மட்டும் அனுபவிக்கக் கூடாது, மூங்கிலுக்கு வர வேண்டும் என்பது கணக்கு. ரிக்லியும் அவர் கூட்டாளிகளும் எழுப்பிய மூலப்பொருள் கேள்விக்கு இந்தியச் சட்டம் எழுபது ஆண்டு கழித்துச் சொன்ன பதில் அது. பலித்தது. மூங்கில் அடுத்த சில பத்தாண்டுகளுக்கு இந்தியக் காகிதத்தின் முதுகெலும்பாக நின்றது. தமிழ்நாட்டில் 1980களில் புகளூர் ஆலை கரும்புச் சக்கையில் செய்தித்தாள் காகிதம் செய்யத் தொடங்கியது அதற்கு அடுத்த அத்தியாயம்.

எடை இன்றும் சுங்கப் பட்டியலை விட்டுப் போகவில்லை. சாக்குக்கும் பெட்டிக்கும் போகும் கிராஃப்ட் தாளைச் சதுர மீட்டருக்கு 150 கிராம் வரை ஒரு பிரிவு, 150க்கும் 225க்கும் நடுவே ஒரு பிரிவு, அதற்கு மேல் ஒரு பிரிவு என்று பட்டியல் கூறுபோடுகிறது. பருத்தித் துணிக்கு 200 கிராம் எல்லை. அதற்குக் கீழே 5208, மேலே 5209. டெனிம், கனத்த ட்ரில் எல்லாம் மேல்வீட்டுக்காரர்கள். துறைமுகத்தில் ஒரு துண்டு வெட்டி எடுத்துத் தராசில் வைக்கும் அந்தச் சின்ன வேலையில்தான் ஒரு பெட்டிச் சரக்கின் வரி தீர்மானமாகிறது.

கந்தலும் போகவில்லை. உடுத்தக்கூடிய பழந்துணிக்கு 6309, கந்தலுக்கு 6310. பழந்துணி கந்தல் என்ற பெயரில் நுழைந்து உள்ளூர்த் துணிச் சந்தையைக் கெடுக்காமல் இருக்க, வரும் கந்தல் முன்கூட்டியே கிழிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று இந்தியச் சுங்கம் விதி வைத்திருக்கிறது. கிழிந்தால்தான் நுழைவு. புதுச்சேரியில் 1959இல் தொடங்கிய அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதக் கூடம் பருத்திக் கந்தலை இன்றும் கூழாக்கித் தாள் எடுக்கிறது.

திருப்பூரில் பனியன் வெட்டும்போது விழும் துண்டுத்துணிக்கு 'கட்டிங் வேஸ்ட்' என்று பெயர். கோவை, திருப்பூர் வட்டாரங்களில் இருக்கும் ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பு மில்கள் அந்தத் துண்டையும், பெரிய நூற்பாலைகளில் சீவிக் கழித்த பஞ்சையும் வாங்கித் தடித்த நூல் நூற்கின்றன. பஞ்சுக்கு 2021இல் 11 சதவீத இறக்குமதி வரி வந்தது. 2022 கோடையில் ஒரு கேண்டி, அதாவது சுமார் 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. கழிவுப் பஞ்சும் கூடவே ஏறியது. நல்ல கழிவு கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தது. ஓ.இ. மில்காரர்கள் ஒன்றுகூடி அரசிடம் கேட்டது, கழிவுப் பஞ்சு ஏற்றுமதியைத் தடுங்கள் என்று. ட்ரெவிசோ ஆலைகளுக்கு 1366இல் கிடைத்ததைத்தான் அவர்கள் கேட்டார்கள். அவர்கள் நூற்பது அதிகமும் 20ஆம் நம்பருக்குக் கீழே. 1896க்கு முன் லங்காஷயர் கோடு கிழித்த அதே 20. அந்த நூல் கரூரில் மேசை விரிப்பாகவும் அடுப்படித் துண்டாகவும் நெய்யப்பட்டு, தூத்துக்குடியிலிருந்து கப்பலேறுகிறது.